சூதாட்டத்திலிருந்து மீள யாருடைய துணையை நாடுவது? தமிழ்நாட்டில் உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

என் தம்பியின் சட்டையைத் துவைக்கப் போடும்போது, அவன் மனைவியின் கையில் எட்டாக மடிக்கப்பட்ட ஒரு நகைக்கடன் ரசீது அகப்பட்டது. அதில் அவளுடைய இரண்டு வளையல்களின் எடை கிராம் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. அந்த வளையல்கள் பீரோவில் இருப்பதாக அதுவரை அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அன்று மாலை வீட்டுக் கூடத்தில் கூடிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி சொன்னார்கள். கடனை அடைத்துவிட்டு அவனிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அப்பா. மறுவாழ்வு மையம் ஒன்றில் மூன்று மாதம் விட்டுவிடுங்கள் என்றார் மாமா. குலதெய்வத்தின் முன் நிறுத்திக் கையில் கயிறு கட்ட வேண்டும் என்றார் அம்மா. தலைகுனிந்து உட்கார்ந்திருந்த தம்பி, "விட்டதை மட்டும் பிடித்துவிட்டால் பிறகு தொடவே மாட்டேன், அக்கா" என்றான். அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுவதும் அடங்கியிருந்தது என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

அன்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை, இதே நிலையில் இன்று நிற்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். எந்த வழி எவருக்குப் பொருந்தும், எது எங்கே கைவிடும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்காமல், அவமானமும் அவசரமும் தள்ளிய திசையில் முடிவெடுப்பதால்தான் பல வீடுகளில் பணமும் காலமும் இரண்டாம் முறையும் வீணாகின்றன.

முதலில், நாம் எதிர்கொள்வது என்ன என்பதில் தெளிவு வேண்டும். சூதாட்டக் கோளாறு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்ற மனநலக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநலக் கோளாறுகள் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இதை மது, போதைப் பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது. இழந்த பணத்தை மீட்பதற்காகவே மீண்டும் ஆடுவது, ஆடியதை மறைத்துப் பொய் சொல்வது, பந்தயத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால்தான் நிறைவு கிடைப்பது, நிறுத்த முயன்றால் எரிச்சலும் தூக்கமின்மையும் வருவது ஆகியவை இதன் அடையாளங்கள். ஒரு சீட்டு வித்தியாசத்தில் தோற்றுப்போகும்போது, தோற்றோம் என்று ஓய்வதற்குப் பதிலாக, ஏறக்குறைய வென்றுவிட்டோம் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. மேலும் ஆடத் தூண்டுவதும் அதுவே. ஆகவே, "அவனுக்குப் புத்தியில்லை" என்ற தீர்ப்பு எவ்வளவு கோபத்தில் வந்தாலும் உண்மைக்குப் புறம்பானது.

குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, பின்வரும் ஒப்பீடு முழுவதும் அதைச் சார்ந்தே நிற்கிறது. குடித்தவர் வாசற்படி ஏறும்போதே வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஆடியவரிடம் வாடையும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சம் மட்டுமே தெரியும், அதையும் அலுவலக வேலை என்று நம்ப வைத்துவிடலாம். குடிப்பவர் மதுவை அறவே விலக்கி வாழலாம். ஆடுபவர் பணத்தை விலக்கி வாழ முடியாது, நாளை காலை பால் வாங்கவும் அதே பணம், அதே கைப்பேசி வேண்டும். ஆகவே எந்தத் துணையைத் தேர்ந்தாலும் அதன் ஓரமாகப் பண ஏற்பாடு ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சட்டம் இதைத் தீர்த்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறன் விளையாட்டுகள் என்று கூறி அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த மத்தியச் சட்டத்தின் தண்டனைகள் நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணத்தைக் கைமாற்றிக் கொடுப்பவருக்கும்தான், ஆடியவருக்கு அல்ல. தெரிந்த செயலிகள் மூடப்பட்டது நல்லதே. ஆனால் ஏங்கும் மனம் வெளிநாட்டுத் தளங்களையும், கிரிக்கெட் பந்தயம் பிடிக்கும் இடைத்தரகர்களையும், தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருந்தும் மறைவாக விற்கப்படும் மூன்று நம்பர் சீட்டையும் தேடிப் போகிறது. தடை பாதையைக் கடினமாக்கும், ஆனால் நோயைக் குணப்படுத்தாது.

அப்பா சொன்ன வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பெரும்பாலான வீடுகள் முதலில் செய்வதும் அதைத்தான், மிக அதிகமான சேதத்தைச் செய்வதும் அதுதான். நாங்கள் ஒரு மனையை விற்று எல்லாக் கடனையும் ஒரே வாரத்தில் அடைத்தோம். அவன் அழுதான், சத்தியம் செய்தான், அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஐந்து மாதத்தில் புதிய கடன் வந்து நின்றது. கடன் மொத்தமாகத் தீர்ந்ததும் அவனுக்குள் இருந்த அச்சம் நீங்கியது, கடன் செயலிகளில் அவன் பெயருக்கு இருந்த தகுதி உயர்ந்தது, அடுத்த முறையும் குடும்பம் தாங்கும் என்ற எண்ணம் அவனறியாமலே மனத்தில் இடம்பிடித்தது. இதற்கு மாற்று, கடனை அவனுடைய வருமானத்திலிருந்தே மாதத் தவணையாக, ஆனால் அவன் கை படாமல், குடும்பத்தில் ஒருவர் நேரடியாகக் கட்டுவது. இதில் வட்டி கூடுதலாகும், காலம் நீளும், வசூலுக்கு வருபவர்களின் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும். இருந்தும் இரண்டையும் அனுபவித்தவள் என்ற முறையில், இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். மிரட்டலும் கந்துவட்டியும் கலந்த கடனாக இருந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கடன் செயலியின் பெயரில் படங்களைத் திரித்து மிரட்டினால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண் உண்டு.

பண ஏற்பாடு என்று சொல்லும்போது பலர் சம்பளக் கணக்கை மனைவியின் பொறுப்பில் விடுவதோடு நின்றுவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் நின்றோம், ஓட்டைகள் வேறு இடத்தில் இருந்தன. வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் கேட்கலாம், அலுவலகத்தில் சம்பள முன்பணம் வாங்கலாம், நண்பர் நடத்தும் ஏலச் சீட்டை முதல் மாதமே தள்ளி எடுக்கலாம், மனைவியின் பெயரில் மகளிர் குழுக் கடன் வாங்க வைக்கலாம், மச்சானிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்கலாம். இவை ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, யார் யாரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு மாலை நேர வேலை. ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற தயக்கம் வரும். கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்ல நாலு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் அனுபவம். நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துச் சாவியை அவர் எட்டாத கையில் கொடுப்பதும், சில மாதங்களுக்குச் சாதாரணப் பொத்தான் கைப்பேசிக்கு மாறுவதும் இதில் சேரும். சூதாட்டத் தளங்களைத் தடுக்கும் செயலிகளும் உண்டு. பெட்பிளாக்கர் என்பது ஒரு தொண்டு அமைப்பு இலவசமாகத் தருவது, கேம்பன் என்பது கட்டணத்துக்குக் கிடைப்பது. இவற்றை அவர் சம்மதத்தோடு, அவர் கையாலேயே நிறுவச் செய்வது நல்லது. ஒளித்துவைத்து உளவு பார்ப்பது போலச் செய்தால், மறைப்பதில் இன்னும் கெட்டிக்காரராக அவரை நாமே பழக்கிவிடுவோம்.

இனி மனிதர்களின் துணைக்கு வருகிறேன். இவற்றில் மிகக் குறைந்த செலவும் மிகக் குறைந்த கூச்சமும் உள்ளது 14416 என்ற தொலைபேசி எண். 2022 அக்டோபரில் மத்திய அரசு டெலி மானஸ் என்ற பெயரில் தொடங்கிய இச்சேவை, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரோடு நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஆட்ட வெறி பெரும்பாலும் வீடு உறங்கிய பிறகுதான் எழும், அந்த நேரத்தில் எந்த மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவும் திறந்திருக்காது. அலை போல எழுந்து தணியும் இயல்புடைய அந்த வெறியை, பேசிக்கொண்டே கடக்க இந்த எண் உதவும். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுப்பார், முழுக் கதையையும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும், தொடர்ச்சியான சிகிச்சைக்கு இது ஈடாகாது. வாசலைக் கண்டுபிடிக்கவும், நள்ளிரவைத் தாண்டவும் மட்டும் இதை நம்பலாம். நோயாளி வர மறுக்கும் வீடுகளில் மனைவியோ தாயோ தாங்களே அழைத்து வழி கேட்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நான் ஆகப் பெரிய வலுவுள்ள வழியாகக் கருதுகிறேன். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இப்பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் சிறிய ஊர்களுக்கும் மருத்துவர்கள் வருகிறார்கள், சென்னையில் 1794இல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் உட்கார வேண்டும், முதல் நாள் அரை நாள் போய்விடும், மருத்துவர் பேசும் நேரம் குறைவாக இருக்கலாம். எங்கள் முதல் வருகையில் தம்பி பெஞ்சின் ஓரத்தில், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துண்டால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருத்துவர் கடனைப் பற்றிக் கேட்கவே இல்லை. "தூக்கம் எப்படி?" என்றுதான் தொடங்கினார். அந்தக் கேள்விக்கு அவன் பத்து நிமிடம் பதில் சொன்னான், எங்களிடம் இரண்டு ஆண்டில் சொல்லாததையெல்லாம் சொன்னான். அவனுக்கு மனச்சோர்வும் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

மனநல மருத்துவரை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணமே இதுதான். சூதாட்டத்தோடு மனச்சோர்வு, பதற்றம், குடி, சில சமயம் அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் ஆகியவை சேர்ந்து வரும். அவற்றைக் கவனிக்காமல் ஆலோசனை மட்டும் கொடுத்தால் பயன் நிற்காது. இன்னொன்றும் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கும், கால் அமைதியின்மை நோய்க்கும் கொடுக்கப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்குத் திடீரென்று சூதாட்ட வெறியை உண்டாக்கும். வயதான தந்தை ஒருவர் ஓய்வுக்குப் பிறகு திடீரென்று லாட்டரிச் சீட்டு வாங்கத் தொடங்கினால், அவர் உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் காட்ட வேண்டும், தாமாக நிறுத்தவும் கூடாது. சூதாட்டத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை ஏதும் இல்லை. நால்ட்ரெக்சோன் என்ற மருந்தைச் சிலருக்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு.

ஆராய்ச்சிகளில் அதிக ஆதரவு பெற்றது பேச்சுவழிச் சிகிச்சைதான், குறிப்பாகச் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. எந்த நேரத்தில், எந்த மனநிலையில், யாரோடு இருக்கும்போது ஆடத் தோன்றுகிறது என்று நாட்குறிப்பு எழுத வைப்பார்கள். "இத்தனை முறை தோற்றேன், இனி வென்றே தீர வேண்டும்" என்ற கணக்கில் உள்ள பிழையை அவரே காணும்படி செய்வார்கள். சிகிச்சை முடிந்த உடனே நல்ல பலன் தெரிகிறது. பல ஆண்டுகள் கழித்தும் நிலைக்கிறதா என்பதற்கான சான்று அவ்வளவு வலுவாக இல்லை. இங்கேதான் தனியார் மருத்துவமனைக்கும் அரசு மருத்துவமனைக்கும் உண்மையான வேறுபாடு வருகிறது. தனியாரிடம் ஒரே உளவியலாளரை வாரந்தோறும் முக்கால் மணி நேரம் அமைதியான அறையில் சந்திக்க முடியும். அரசு மருத்துவமனையில் அந்த நேரம் கிடைப்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ஏற்கெனவே கடனில் உள்ள குடும்பம் வாராவாரம் கட்டணம் கட்ட முடியாமல் நான்காவது வாரத்தில் நிறுத்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பாதியில் நின்ற நல்ல சிகிச்சையைவிட முழுதாகத் தொடரும் எளிய சிகிச்சை மேல். எட்டுப் பத்து அமர்வுகளுக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்க முடிந்தால் தனியாரிடம் செல்லலாம், இல்லையென்றால் தயங்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். மருந்தை அங்கே வாங்கிக்கொண்டு, பேச்சுச் சிகிச்சைக்கு மட்டும் வெளியே செல்வதும் ஒரு நல்ல இடைவழி. ஆலோசகர் என்று பலகை மாட்டிய எல்லோரும் மருத்துவ உளவியலாளர் அல்லர். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு உண்டா என்று கேட்பதில் தவறில்லை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை அருகில்தான். அங்கே 2014 முதல் கைப்பேசி, இணையப் பழக்கங்களுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது.

மாமா சொன்ன மறுவாழ்வு மையத்தைப் பொறுத்தவரை, எனக்குத் தயக்கம் அதிகம். குடியும் போதைப் பொருளும் சேர்ந்துள்ளவருக்கு, அல்லது வீட்டுச் சூழலே ஆட்டத்தோடு பிணைந்தவருக்கு, சில வாரம் விலகியிருப்பது பயன் தரலாம். ஆனால் சூதாட்டம் மட்டும் உள்ளவரைக் கைப்பேசி இல்லாத அறையில் மூன்று மாதம் வைத்திருந்தால், அவர் கைப்பேசி இல்லாத வாழ்க்கையை மட்டுமே பழகியிருப்பார். வெளியே வந்த அன்றே பழைய உலகம் கையில் வந்துவிடும். வேலையும் போயிருந்தால் நிலை இன்னும் மோசமாகும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இத்தகைய மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், விருப்பமில்லாதவரைக் குடும்பத்தின் சொல்லை மட்டும் கேட்டுக் கட்டி இழுத்துப் போய் அடைக்க முடியாது. பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இடத்திலும், வாரக்கணக்கில் சந்திக்க விடமாட்டோம் என்று சொல்லும் இடத்திலும் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.

சக மனிதர்களின் துணை வேறு வகையானது. சூதாட்டத்திலிருந்து மீள முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற குழு 1957இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், மது அடிமைகளுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைப் பின்பற்றித் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே தகுதி. அவர்களுடைய 20 கேள்விகளில் ஏழுக்காவது ஆம் என்று விடை சொல்பவர்கள் தங்கள் நிலையைக் கவலையோடு பார்க்க வேண்டும் என்பார்கள். குடும்பத்தினருக்குக் கேம்-அனான் என்ற தனிக் குழு உண்டு. மருத்துவரிடம் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: அதே பொய்யைச் சொன்ன, அதே நகையை அடகு வைத்த ஒருவர், இன்று ஆடாமல் எதிரில் உட்கார்ந்திருப்பார். ஆனால் நம் ஊர்களில் நேரடிக் கூட்டங்கள் அரிது, இணையவழிக் கூட்டங்களில் ஆங்கிலமே மிகுதி. ஆங்கிலத்தில் தன் துயரைச் சொல்லத் தெரியாதவருக்கு அந்தக் கூட்டம் இன்னொரு தனிமையாக முடியலாம். குடியும் சேர்ந்திருந்தால் தமிழில் பரவலாக நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் ஓரளவு இந்தக் குறையை நிரப்பும். சிகிச்சைக்கு மாற்றாக அல்ல, சிகிச்சை முடிந்த பிறகான நீண்ட ஆண்டுகளுக்காக இந்த வழியை நான் மதிக்கிறேன்.

அம்மா சொன்ன கயிற்றையும் நான் தள்ளிவைக்க மாட்டேன். தம்பி இன்றும் அதைக் கட்டியிருக்கிறான். கைப்பேசியை எடுக்கும் அதே மணிக்கட்டில் அது கண்ணில் படுவதால் ஒரு நொடி நிறுத்துகிறது என்கிறான். ஆனால் கயிறு கட்டிய பிறகு ஒருமுறை தவறிவிட்டால், "சாமிக்கே துரோகம் செய்துவிட்டேன், இனி என்ன" என்ற எண்ணத்தில் முழுவதுமாக விழுந்துவிடும் ஆபத்து உண்டு. ஒருமுறை சறுக்குவது இந்த நோயில் வழக்கம் என்பதை மருத்துவர் அவனுக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே சொன்னார். அதற்குப் பிறகுதான் கயிறு அச்சுறுத்தாமல் தாங்கத் தொடங்கியது.

இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாத ஒரு நிலை உண்டு. சாவைப் பற்றிப் பேசினாலோ, "நான் இல்லாவிட்டால் காப்பீட்டுப் பணமாவது வரும்" என்ற வகையில் சொன்னாலோ, அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும், தனியாக விடக் கூடாது. 14416 என்ற எண்ணையும், 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணையும், சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 044-24640050 என்ற எண்ணையும் அழைக்கலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்வதால், வழக்கு வரும் என்று அஞ்சி மறைக்க வேண்டாம்.

ஆகவே, அவரே உதவி கேட்டு வந்தால் அரசு மருத்துவமனையிலோ வசதிக்கேற்பத் தனியாரிடமோ மருத்துவரையும், அதே வாரத்தில் பண ஏற்பாட்டையும் தொடங்குங்கள். அவர் மறுத்தால், அவருக்காகக் காத்திருக்காமல் பண ஏற்பாட்டை நீங்கள் செய்துகொண்டு, ஆலோசனைக்கு நீங்கள் மட்டுமாவது செல்லுங்கள். எங்கள் வீட்டில் தம்பியின் மனைவிதான் முதலில் போனாள், இரண்டு மாதம் கழித்துத்தான் அவன் போனான். முதல் வருகைக்குக் கடன்களின் பட்டியலையும், அவர் உட்கொள்ளும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போனால் போதும். ஒவ்வொரு மாதமும் சம்பளம் ஏறும் நாள்தான் அவனுக்கு ஆகக் கடினமான நாள் என்று கண்டுபிடித்த பிறகு, அடுத்த வருகைத் தேதியை அந்த நாளுக்கே போட்டுத் தர முடியுமா என்று மருத்துவரைக் கேட்டோம். அவர் ஓ.பி. சீட்டில் இருந்த தேதியை அடித்துவிட்டு, முதல் தேதி என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாம் ஆண்டாக அவன் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில், துண்டு இல்லாமல், அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.